சபை தரும் விடையைக் கேட்கப் பழகுதல்

ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையாளர் ஒருவர் மேடையில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்த அடுத்த கணமே, அது பலித்ததா இல்லையா என்பதைச் சபை அவருக்கு அறிவித்துவிடுகிறது. சிரிப்பு வந்தால் வந்தது. வராவிட்டால், எவ்வளவு உழைத்து எழுதிய வாக்கியமானாலும் அன்று அது பலிக்கவில்லை. நமது மேடைப் பேச்சாளருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடைபெறும் நூல் வெளியீட்டு விழாவில், நாற்பது நிமிடம் பேசியவருக்கும் பத்து நிமிடம் பேசியவருக்கும் ஒரே கைதட்டலும் ஒரே பொன்னாடையும் கிடைக்கின்றன. மேடையை விட்டு இறங்கிவரும்போது "பேச்சு நல்லாயிருந்தது" என்ற ஒரே வார்த்தையும் கிடைக்கிறது. இந்த மரியாதையை நான் குறைகூறவில்லை. ஆனால், ஆற்றலுள்ள பேச்சாளர்கள் பலர் தம் பேச்சின் எந்தப் பகுதி சபையைச் சென்றடைந்தது, எந்தப் பகுதி காற்றில் போயிற்று என்பதை அறியாமலே ஆண்டுக்கணக்காகப் பேசிவருவதற்கு இந்த மரியாதையே காரணமாகிறது என்று, இக்கூட்டங்களில் பெரும்பாலும் கேட்பவளாகவும் சில வேளைகளில் பேசுபவளாகவும் இருந்து எண்ணிவந்திருக்கிறேன்.

பேச்சாளர் எல்லோரும் சபையைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பேசும் பொருளோடு ஒட்டாத ஒரு துணுக்கை நடுவில் எடுத்துவிட்டு, சிரிப்பு ஓய்ந்ததும் "சரி, இனி விடயத்துக்கு வருவோம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அப்படிச் சொல்பவர், அதுவரை தாம் விடயத்துக்கு வெளியே நின்றதைத் தாமே ஒப்புக்கொண்டுவிடுகிறார். காலையில் வட்ஸ்அப்பில் வந்த துணுக்கை மாலையில் மேடையில் கேட்கும் சபையோர் சிரிக்கக்கூடும். ஆயினும் பேச்சாளர் தமக்கென்று எதையும் கொண்டுவரவில்லை என்பதையும் அவர்கள் உணர்ந்துகொள்கிறார்கள். நகைச்சுவையாளரிடமிருந்து நாம் பெறவேண்டியது, தம் முன்னே இருப்பவர்கள் தமது சொல்லை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கவனித்து, அந்தக் கவனிப்பின்படி பேச்சைத் திருத்திக்கொண்டே போகும் ஒழுக்கம். அஞ்சலியுரைக்கு அது எவ்வளவு தேவையோ, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் பொருளாளர் அறிக்கைக்கும் அவ்வளவு தேவை.

இந்தக் கலை கடல் கடந்து வந்த புதுமை என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். ஒருவரே தனியாக நின்று சபையைக் கட்டிவைக்கும் மரபு நம்மிடம் நன்றாகவே இருந்திருக்கிறது. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பை அறியாத ஈழத்தமிழர் என் தலைமுறையில் குறைவு. பஸ் நடத்துநராக அவர் ஒருவரே பேசுகிறார். ஆனால் அவர் சொல்லும் பதிலிலிருந்தே எதிரில் நிற்கும் பயணி யார், என்ன வயது, என்ன குணம் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. 'பயணிகள் பலவிதமானவர்கள்' என்று வருணிப்பதற்கும், ஒரு பயணிக்குச் சொல்லும் ஒரு பதிலால் அந்தப் பயணியையே முன்னால் நிறுத்துவதற்கும் உள்ள தூரத்தை மேடையில் பேசப் புகும் ஒவ்வொருவரும் அளந்து பார்க்க வேண்டும். கிருபானந்த வாரியார் தமது சொற்பொழிவுகளில் முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன விடையிலிருந்தே மேலே கதையை நடத்திச் சென்றதையும் இங்கே நினைக்கலாம். இன்றைய நகைச்சுவையாளர்கள் சபையோரோடு உரையாடிப் பெறும் பயனை அவர் பக்திச் சொற்பொழிவிலேயே பெற்றிருந்தார். இப்போது சென்னையில் அலெக்சாண்டர் பாபு போன்றோர் தமிழில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகத் தனித்து நின்று மேடையை ஆள்கிறார்கள்; கொழும்புப் பிள்ளைகள் அவற்றைக் கைத்தொலைபேசியில் பார்த்து வளர்கிறார்கள். அப்பிள்ளைகள்தாம் நாளைக்கு நம் கூட்டங்களில் சபையோராக அமரப்போகிறவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

நகைச்சுவையாளரின் உழைப்பில் என்னை மிகவும் கவர்வது, பெரிய மேடைக்குப் போகுமுன் சிறிய மேடையில் சோதித்துப் பார்க்கும் வழக்கம். அமெரிக்காவின் கிறிஸ் ரொக், பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளுக்கான நிகழ்ச்சியை ஆயத்தம் செய்யும் காலத்தில், நியூ ஜேர்சியிலுள்ள ஒரு சிறிய நகைச்சுவை விடுதியில் முன்னறிவிப்பின்றி மேடையேறி, கையில் குறிப்புத்தாளோடு, அரைகுறையான பகுதிகளைச் சொல்லிப் பார்ப்பவராக அறியப்பட்டவர். அவற்றுள் பெரும்பாலானவை பலிப்பதில்லை. பலிக்காதவற்றை அவர் கைவிட, பலித்த சிலவே பெரிய மேடைக்குச் செல்கின்றன. இன்னோர் அமெரிக்க நகைச்சுவையாளரான ஜோன் ரிவர்ஸ் தமது நகைச்சுவைகளைத் தனித்தனி அட்டைகளில் தட்டச்சுச் செய்து, பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்கிவைத்துப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்திருந்தார். மேடையில் அப்போதுதான் தோன்றியதுபோல நமக்குத் தெரிவதற்குப் பின்னால் ஓர் அலுவலகத்தின் ஒழுங்கு இருக்கிறது. நாமோ, ஒரு முக்கியமான உரையை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வதே அந்த உரைக்குரிய மேடையில்தான் என்றாகிவிட்டோம். முந்திய இரவு எழுதி முடித்து, காலி வீதி நெரிசலில் வாகனத்தில் இருந்தபடி ஒருமுறை கண்ணால் வாசித்துவிட்டு, நேரே ஒலிவாங்கிக்கு முன் போய் நிற்கிறோம்.

கொழும்பில் நகைச்சுவை விடுதி இல்லாவிட்டாலும் சிறிய சபைகளுக்குக் குறைவில்லை. நோன்மதி நாளில் நான்கைந்து பேர் கூடும் வாசகர் வட்டம், மாலை வகுப்பு முடிந்த பின்னும் எழுந்து போகாத மாணவர்கள், வீட்டுக் கூடத்தில் தேநீருக்கு வந்த உறவினர் ஆகிய எல்லோரும் சபையே. உரை முழுவதையும் அவர்கள் முன் அரங்கேற்ற வேண்டியதில்லை. நயவுரையில் சொல்லப்போகும் ஒரே ஒரு சம்பவத்தைப் பேச்சோடு பேச்சாக எடுத்துச் சொல்லி, கேட்பவர் எந்த இடத்தில் "பிறகு?" என்கிறார், எந்த இடத்தில் தேநீர்க் கோப்பையைப் பார்க்கிறார் என்று கவனித்தாலே போதும். கோப்பையைப் பார்த்த இடத்தை வெட்டிவிடலாம். அந்த இடத்தில் அழகான உவமை இருந்தாலும், மேற்கோளாக ஒரு பழம்பாடல் இருந்தாலும், வெட்டத்தான் வேண்டும்.

சிரிப்பில்லாத சபையின் விடையை எப்படிக் கேட்பது என்ற கேள்வி இங்கே எழும். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் கூட்டங்களில் பெரும்பாலானவை சிரிப்புக்கு இடமில்லாதவை. மௌனமும் ஒரே வகையானதன்று. சபை உண்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இருமல் நின்றுவிடுகிறது. நாற்காலிக் கால்கள் தரையில் உரசும் ஓசை நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி நிரலை விசிறியாக மடித்து விசிறிக்கொண்டிருந்த கை தானாகத் தாழ்ந்துவிடுகிறது. கவனம் தளர்ந்த மறுகணமே இவை அனைத்தும் ஒன்றாகத் திரும்பிவருகின்றன. பின்வரிசைகளில் கைத்தொலைபேசியின் வெளிச்சம் முகங்களில் படுகிறது. தாளிலிருந்து கண்ணை எடுக்காதவருக்கு இவற்றுள் எதுவும் தெரியப்போவதில்லை. நகைச்சுவையாளர்கள் தமது ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒலிப்பதிவு செய்து பின்னர் கேட்கிறார்கள். நாமும் கைத்தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொள்வது எளிது. ஆனால் அந்தப் பதிவைக் கேட்கும்போது நம் குரலின் இனிமையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மண்டபத்தில் எழும் ஓசைகளையே கேட்க வேண்டும். இருமல் எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே நாம் ஏற்கனவே சொன்ன ஒன்றை வேறு சொற்களில் மறுபடி சொல்லிக்கொண்டிருப்பதைக் காணலாம். 'பலசொல்லக் காமுறுவர்' என்று தொடங்கும் குறள், மாசற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல விரும்புவர் என்கிறது. அதை மேடையில் மேற்கோள் காட்டாத பேச்சாளர் அரிது. நம் பேச்சில் அந்த மாசு எந்த நிமிடத்தில் படிகிறது என்பதை ஒலிப்பதிவு காட்டித்தரும்.

தமிழ் மேடைக்கு மிகவும் பயன்படக்கூடியது என்று நான் கருதுவது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பற்றி நகைச்சுவையாளர் கொள்ளும் அக்கறை. சபை எதிர்பாராத செய்தி எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல் வாக்கியத்தின் இறுதியில் வரவேண்டும் என்பதும், அதன் பிறகு வேறெதுவும் வரக்கூடாது என்பதும் அந்தக் கலையின் அடிப்படை. செய்தி வெளிப்பட்ட பின்னும் வாக்கியம் நீண்டுகொண்டு போனால், சிரிக்கத் தொடங்கியவர்கள் அடுத்த சொல்லைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அடங்கிய சிரிப்பு மீண்டும் எழுவதில்லை. தமிழில் இது தானாக அமைந்துவிடுவதில்லை. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. மேடைத் தமிழோ அத்தோடும் நில்லாமல் 'என்பதை இவ்விடத்தில் குறிப்பிட விரும்புகின்றேன்' என்றும், 'என்று கூறினால் அது மிகையாகாது' என்றும் வாலைச் சேர்த்துக்கொள்கிறது. செய்தி வாக்கியத்தின் நடுவில் புதைந்துபோய்விட, சபையின் காதில் கடைசியாக விழுவது 'விரும்புகின்றேன்' என்ற சொல் மட்டுமே.

அதற்குரிய மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'கூட்டத்தை ஒழுங்குசெய்த செயலாளர் மட்டும் அன்று வரவில்லை' என்று சொன்னால் அது ஒரு தகவல். 'அன்று எல்லோரும் வந்திருந்தார்கள். வராதவர் ஒருவர்தான், கூட்டத்தை ஒழுங்குசெய்த செயலாளர்' என்று சொன்னால் சபை சிரிக்கிறது. வினையைப் பெயராக்கி முன்னால் வைத்து, சொல்லவேண்டிய பெயரைப் பின்னால் நிறுத்திக்கொள்ள நம் இலக்கணம் தாராளமாக இடம் தருகிறது. இது சிரிப்புக்கு மட்டும் உரிய உத்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். மறைந்த ஆசிரியர் ஒருவருக்கு அஞ்சலியுரை ஆற்றுவதாகக் கொள்வோம். 'அன்னார் ஓய்வுபெற்ற பின்னரும் வசதியற்ற மாணவர்களின் பரீட்சைக் கட்டணத்தைத் தமது ஓய்வூதியத்திலிருந்து செலுத்தி வந்தார் என்பதை இவ்வேளையில் நினைவுகூர்கின்றேன்' என்பது உண்மையான, மரியாதையான வாக்கியம். எந்த மனத்தையும் தொடாமல் கடந்துபோகும் வாக்கியமுங்கூட. அதே செய்தியை, 'அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் எங்கே போகிறது என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. அவர் போன பிறகுதான் தெரிந்தது. அது போனது, பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு' என்று சொல்லிப் பாருங்கள். செய்தி ஒன்றே, சொற்களும் ஏறத்தாழ அவையே. கடைசியில் எது நிற்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு பேச்சாளர் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும்.

நிறுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் அமெரிக்க வானொலி நகைச்சுவையாளர் ஜக் பெனியை நினைக்காமல் இருப்பதில்லை. கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன பாத்திரமாக அவர் வானொலியில் பல ஆண்டுகள் பேசிவந்தவர். 1948 மார்ச்சில் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சியில், வழிப்பறிக்காரன் அவரை மறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பெனி பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்திலேயே சபை சிரிக்கத் தொடங்குகிறது. கள்வன் மீண்டும் அதட்டிய பிறகுதான், தாம் யோசித்துக்கொண்டிருப்பதாக அவர் சொல்கிறார். மௌனம் தானாகப் பேசாது என்பதையும் இதிலிருந்து அறியலாம். அந்தக் கஞ்சனைச் சபை முன்பே அறிந்திருந்ததால்தான், பேசாத அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டது. ஒன்றையும் சபையின் மனத்தில் வைக்காமல் வெறுமனே நிறுத்துபவர், அடுத்த தாளைத் தேடுகிறார் என்றே எண்ணப்படுவார்.

கொழும்புப் பாடசாலைகளின் தமிழ் விவாத அணிகளில் வளர்ந்த பிள்ளைகளின் நாவன்மை எனக்கு என்றும் பெருமை தருவது. ஆனால் மணி அடிக்குமுன் எல்லா வாதத்தையும் கொட்டிவிட வேண்டும் என்ற பழக்கம் அவர்களைப் பின்னாளில் நிறுத்தத்துக்கு அஞ்சுபவர்களாக ஆக்கிவிடுகிறது. அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் வேகத்தோடு நிறுத்தத்தையும் சொல்லிக்கொடுத்தால் நல்ல பேச்சாளர்கள் இன்னும் பலர் நமக்குக் கிடைப்பார்கள். கடற்கரைப் பக்கமுள்ள மண்டபங்களில் பேசுபவருக்கு நிறுத்தத்தைக் கற்பிக்க ரயிலே வருகிறது. அந்த ஓசையை வெல்லக் குரலை உயர்த்துபவரைவிட, ரயில் கடந்து போகும்வரை சபையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நிற்பவருக்கே சபை காது கொடுக்கிறது. மின்சாரம் நின்றாலும், பிரதம விருந்தினர் பேச்சின் நடுவே உள்ளே வந்தாலும், அதைக் காணாததுபோலத் தொடர்ந்து பேசுவது வீண். எல்லோரும் பார்த்துவிட்ட ஒன்றைப் பேச்சாளரும் பார்த்தார் என்று காட்டிக்கொண்டால், பிரிந்த கவனம் திரும்பிவந்துவிடும்.

தொடக்கத்தைப் பற்றி. நகைச்சுவையாளர் ஒருவர் மேடையேறிய அரை நிமிடத்துக்குள் சபையைத் தம்வசப்படுத்தப் பார்க்கிறார். நம் மேடையில் முதல் மூன்று நான்கு நிமிடங்கள் விளித்தலுக்குப் போய்விடுகின்றன. தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, கௌரவ விருந்தினர் அவர்களே என்ற வரிசையை ஏழாவது பேச்சாளரும் முழுமையாகச் சொல்கிறார். பெரியோரை மதித்தல் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அதைச் சபை முழுவதன் சார்பிலும் தலைமை வகிப்பவர் ஒருமுறை சொல்ல, மற்றவர் ஒரே வாக்கியத்தில் வணங்கிவிட்டு உரைக்குள் நுழையலாம். அவையடக்கத்தையே சபையை ஈர்க்கும் கருவியாக்கலாம் என்பதைக் கம்பர் காட்டியிருக்கிறார். பெரும் ஓசையுடைய பாற்கடலின் கரைக்கு வந்து, அது முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைப் போல, இராமன் கதையைச் சொல்லத் தாம் ஆசைப்பட்டதாக அவர் பாடும் செய்யுள் நான்கே அடி. பணிவும் அதில் இருக்கிறது, கண்ணில் நிற்கும் காட்சியும் இருக்கிறது, புன்னகையும் இருக்கிறது. பெருங்காப்பியத்துக்கே அவ்வளவு போதுமானதாக இருந்திருக்கிறது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கம்பன் விழாவுக்கென்று திரளும் சபைக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நான்கு அடியின் அளவை நம் சொந்த மேடைப் பேச்சுக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

மண்டபத்தின் அமைப்பும் பேச்சின் ஒரு பகுதியே. நகைச்சுவை விடுதிகளில் கூரை தாழ்ந்திருக்கும், நாற்காலிகள் நெருங்கியிருக்கும், முன்வரிசை முதலில் நிரப்பப்படும். சிரிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவது என்பதால் இடையில் வெற்றிடம் இருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. அக்கறையும் அவ்வாறே தொற்றுகிறது. நம் கூட்டங்களில் பிரமுகர்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்க, சபையோர் பின்கதவுக்கு அருகில் சிதறி அமர்ந்திருக்கிறார்கள். பேச்சாளர் வெற்று நாற்காலிகளைத் தாண்டிப் பேசவேண்டியிருக்கிறது. கூட்டம் தொடங்கி கால் மணித்தியாலம் ஆனதும் ஒதுக்கீட்டை நீக்கி, எல்லோரையும் முன்னால் வரச்சொல்லலாம் என்று ஒழுங்கமைப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஒலிவாங்கியின் உயரத்தையும் பேசப் போகுமுன் பார்த்துவைத்துவிட வேண்டும்.

இனி, நேரம். நகைச்சுவை விடுதிகளில் மண்டபத்தின் பின்புறம் ஒரு சிறு விளக்கு எரியும். முடித்துக்கொள்ளும் வேளை வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருப்பது, அடுத்து மேடையேறக் காத்திருப்பவருக்குச் செய்யும் அநீதி என்று அவர்கள் தமக்குள் கருதுகிறார்கள். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப் பேச்சைப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களும் விளக்கு முறையைக் கைக்கொள்கின்றன. ஐந்து முதல் ஏழு நிமிட உரையொன்றில் ஐந்தாவது நிமிடத்தில் பச்சையும், ஆறாவதில் மஞ்சளும், ஏழாவதில் சிவப்பும் எரியும். கொழும்பிலும் இக்கழகங்கள் இயங்குகின்றன. அவற்றில் பழகியவர்கள் நம் மேடைகளில் பேசும்போது வேறுபாடு தெரிகிறது. தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புவதும், பேச்சாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொடர்வதும் வழக்கமாகிவிட்ட நம் கூட்டங்களில், பேச்சாளரின் பார்வையில் படும்படி ஒரு கடிகாரத்தை வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நேரம் பேச்சாளரின் கையில் இல்லாத நாட்களும் உண்டு. நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாகப் பெயர் இருப்பவருக்குப் பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருப்பார்கள். முன்னவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட, மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய வேளையும் நெருங்கிவிட, மேடையேறும்போது ஆறு நிமிடந்தான் மிஞ்சியிருக்கும். அப்போது பதினைந்து நிமிட உரையை விரைந்து வாசித்துத் தள்ளுவதே நம்மிடையே காணப்படும் வழக்கம். நகைச்சுவையாளர் தமது நிகழ்ச்சியைத் தனித்தனிப் பகுதிகளாக அடுக்கிவைத்திருப்பதால், எந்தப் பகுதியைத் தூக்கினால் எது குலையாமல் நிற்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். நடுவிலுள்ள இரண்டை விட்டுவிட்டு, முடிவை மட்டும் எந்த நிலையிலும் கைவிடாமல் காப்பார். உரையை எழுதும்போதே, ஆறு நிமிடம் கிடைத்தால் எவற்றை விடுவது, மூன்று நிமிடமே கிடைத்தால் எதை மட்டும் சொல்வது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். கடைசி வாக்கியம் மனப்பாடமாக இருக்க வேண்டும். நன்றி சொல்லவேண்டியவர்களுக்கு அதற்கு முன்னரே நன்றி சொல்லிவிட்டால், அந்த வாக்கியத்தைச் சபையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவரலாம்.